ஏழாம் பெரும்பொழுது

ஆனி பிறந்துவிட்டால் மம்சாபுரத்தில் காற்றின் திசை மாறிவிடும். மேற்கு மலையின் முகட்டில் மேகம் கம்பளி விரித்ததுபோல் படுத்துக் கிடக்கும். அதிலிருந்து ஒரு துளியும் நம் கண்மாய்க்கு இறங்காது. தென்னை மட்டைகளை முறித்துப் போடும் வெறுங்காற்று மட்டும் பகலெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் தேநீர்க் கடையிலும், பேருந்து நிறுத்தத்திலும், இராஜபாளையத்துச் சந்தையிலும் ஒரே கேள்விதான் கேட்கும்: "குத்தாலத்துல சாரல் விழுந்துருச்சா?"

இதைக் குளிக்க ஆசைப்பட்டவர்களின் கேள்வி என்றே சிறுவயதில் நினைத்திருந்தோம். கேட்டவர்களில் பாதிப்பேருக்கு அது பிழைப்பின் கேள்வி என்பது பின்னால்தான் விளங்கியது. வாடகைக் கார் ஓட்டுபவர், மாம்பழம் ஏற்றுபவர், துண்டும் பனியனும் மொத்தமாக எடுத்துச் சென்று விற்பவர், சமையல் வேலைக்குப் போகிறவர் என்று பலர் இங்கிருந்து அந்த மூன்று மாதத்தை நம்பித் தெற்கே போனார்கள்.

தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அதன்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். வெம்மை முற்றிய காலம். இலக்கணம் வேனில் என்று சொல்லும் அதே இரண்டு மாதங்களில்தான் குற்றாலத்தில் தூறல் விழுந்து அருவி கொட்டுகிறது. ஆறில் எதிலும் அடங்காத இந்தப் பொழுதுக்கு நம் மக்கள் 'சீசன்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அதை ஏழாம் பெரும்பொழுது எனலாம். ஒரு பொழுதை நம்பி ஓர் ஊர் பிழைப்பது எப்படி, அந்தப் பொழுது தவறும்போது அவ்வூர் தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது.

*

பொழுதை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் உலகெங்கும் உண்டு. அவற்றுள் பெரிய முதலீடு கொண்டவை பனிச்சறுக்கு ஊர்கள். நமக்குச் சாரல் எப்படியோ அவர்களுக்குப் பனி அப்படி. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் முதலில் கோடைக்கால ஊராகத்தான் இருந்தது. 1864 இல் யோகானஸ் பாட்ருட் என்ற விடுதிக்காரர், ஊர் திரும்பவிருந்த ஆங்கில விருந்தினர்களிடம், "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவு என்னுடையது" என்று பந்தயம் கட்டியதாக ஒரு கதை அங்கே வழங்குகிறது. அவர்கள் வந்தார்கள், மாதக்கணக்கில் தங்கினார்கள் என்று அக்கதை முடியும். ஒரு பொழுதின் ஊர் இரண்டு பொழுதுகளின் ஊராக மாறிய கதை அது.

பனி பொய்க்கும்போது என்ன செய்வது? 1950 வாக்கில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அதற்கு ஒரு விடை கண்டுபிடித்தார்கள். குளிர்ந்த காற்றில் நீரைப் பீய்ச்சிப் பனியாக்கும் எந்திரம் அங்கே உருவானது. 2022 இல் பெய்ஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறக்குறைய முழுமையாகவே எந்திரப் பனியின்மேல் நடந்தன. வெய்ல் ரிசார்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2008 இல் வேறு வழியில் போனது. பல மலைகளுக்கும் செல்லுபடியாகும் பருவச் சீட்டைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே விற்றது. பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால், பனி பெய்யாமல் போகும் இடர் பெருமளவு வாடிக்கையாளர் தலைக்கு இடம்பெயர்ந்தது. ஒன்று பொறியியலின் தந்திரம், மற்றது கணக்குப்பிள்ளையின் தந்திரம்.

நம் நாட்டிலும் இச்சிக்கல் வந்துவிட்டது. காஷ்மீரின் குல்மார்க்கில் 2024 ஜனவரியில் சரிவுகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனிப்பொழிவு போதாமையால் தள்ளிவைத்து, மார்ச்சில் நடத்தினார்கள்.

அந்த மலைகள் நமக்குத் தூரம். ஆனால் அவர்கள் படும் பாடு நமக்குப் புதியதன்று. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில், புளியங்குடியும் கடையநல்லூரும் தாண்டினால், அதே பாட்டைப் பல தலைமுறைகளாகப் படும் ஊர் இருக்கிறது.

*

குற்றாலத்தின் முதல் நிர்வாகி அதன் நில அமைப்புதான். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளத்துப் பக்கம் கொட்டிவிட்டு, மலையேறித் தமிழகத்துப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. மம்சாபுரத்துக்கு வெறுங்காற்று மட்டும் வருவதன் காரணம் இதுவே. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு அருகே, மலைத்தொடர் தாழ்ந்து ஓர் இடைவெளி விடுகிறது. அவ்வழியே ஈரக்காற்று கிழக்கே நுழைவதால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரமே உள்ள குற்றாலத்தில் மலைநாட்டுக் குளிர்ச்சி கிடைக்கிறது. மலையேறாமலே மலைக்காற்று!

இரண்டாவது நிர்வாகி பொங்குமாங்கடல். சிற்றாறு உச்சியிலிருந்து நேராகத் தரையில் விழுந்தால் அதன் கீழ் யாரும் நிற்க முடியாது. பேரருவி பாதி வழியில் பாறைக்குடைவு ஒன்றில் விழுந்து, அதை நிரப்பிப் பொங்கி, வேகம் தணிந்து, அதன்பின் விரிந்து இறங்குகிறது. மனிதத் தலை தாங்குமளவுக்குத் தண்ணீரைப் பழக்கி அனுப்புவது அந்தக் குடைவுதான். உலகில் இதைவிட உயரமான அருவிகள் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவற்றை நின்று பார்க்கத்தான் முடியும். குற்றாலத்தில் பார்ப்பவரைவிடக் குளிப்பவரே அதிகம்.

மனித நிர்வாகம் கோயிலில் தொடங்கியது. சம்பந்தர் இத்தலத்தையும், தலமரமான குறும்பலாவையும் தனித்தனியே பாடினார். ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை இங்குள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி இயற்றினார். மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் மானியமாக அளித்தார். அந்நிலம் குறவஞ்சிமேடு எனப்பட்டது. பக்தி இலக்கியம் தலத்தைப் போற்றியது. குறவஞ்சி மலையையே கொண்டாடியது. அதிலுள்ள மலைவளம் கூறும் பகுதியைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத தமிழ் மாணவர் அரிது. குற்றாலத்தைக் காணும் முன்பே அதைக் கேட்டறிந்தவர்களாக நாம் அங்கே போகிறோம். விளம்பரம் என்ற சொல்லை அக்கவிராயர்மேல் சுமத்துவது முறையன்று. ஆயினும் எந்தச் சுற்றுலாத் துறையும் பெற்றிராத பேறு அது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண் இந்த ஈரத்தின்மேல் விழுந்தது. டச்சுக்காரர்களின் தீவுகளில் விளைந்த ஜாதிக்காயையும் கிராம்பையும் இங்கே விளைவிக்கலாம் என்று கருதித் தோட்டங்கள் போட்டார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் குற்றால மலைகளில் செடிகொடிகளைச் சேகரித்தார். இன்று அருவிக்கரைக் கடைகளில் விற்கும் ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான், ரம்புட்டான் ஆகியவை நம் மண்ணுக்கு வந்தேறிய பயிர்கள். சாரலின் அதே ஈரம் அருவிக்கு மட்டுமன்றித் தோட்டத்துக்கும் பயன்பட்டது. குற்றாலத்தின் இரண்டாவது தொழில் அவ்வாறு தொடங்கியது.

துரைமார்கள் குற்றாலத்தில் பங்களாக்கள் கட்டினார்கள். இருந்தும் அது ஊட்டி ஆகவில்லை. 1819 இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் கால்வைத்தார். 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைதோறும் உதகைக்குக் குடிபெயர்ந்தது. 1908 இல் மலை இரயில் உதகையை எட்டியது. குற்றாலத்துக்கு இந்த வாய்ப்பு ஏன் வரவில்லை? காலண்டரைப் பார்த்தால் ஒரு காரணம் தெரிகிறது. ஆங்கிலேயர் தப்பியோட விரும்பியது ஏப்ரல், மே மாதங்களின் வெயிலிலிருந்து. அப்போது குற்றாலப் பாறை காய்ந்து கிடக்கும். சாரல் ஜூனில்தான் வரும்; ஆடையை நனைக்கும் அருவியில் ஊரோடு சேர்ந்து குளிப்பது அவர்களது பழக்கமும் அன்று. பொழுது பொருந்தாமையால் குற்றாலம் ஆள்வோரின் ஊர் ஆகவில்லை. அது உழவரின், வணிகரின், புலவரின் ஊராகவே நின்றது. இழப்புப் போலத் தோன்றும் இது பின்னாளில் பெரும் பேறாக அமைந்தது என்பதே நம் எண்ணம்.

*

1904 இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம்வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1927 இல் விருதுநகர்–தென்காசிப் பாதை திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் ஏறியவர்கள் தென்காசியில் இறங்கலாம் என்றானதும், வண்டி கட்டிப் போன பயணம் குடும்பத்தோடு போகும் வழக்கமாயிற்று. இரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறி, 1954 இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார். இராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். கம்பனைப் பேசவும் ஒரு சீசன் உண்டென்று தமிழ் வாசகர் கண்டது அந்த வீட்டில்தான்.

ஊரின் பொருளியல் இந்தக் காலத்தில்தான் இன்றைய வடிவத்தை எடுத்தது. பனிச்சறுக்கு ஊரில் மலைச்சரிவு, கம்பிவட வண்டி, விடுதி, உணவகம் எல்லாம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். குற்றாலத்தில் அருவிக்கு உரிமையாளர் இல்லை. குளிக்கக் கட்டணம் இல்லை. கோயில், பேரூராட்சி, பொதுப்பணித் துறை, காவல்துறை, வனத்துறை ஆளுக்கொரு நூலைப் பிடித்திருக்கின்றன. அருவி தரும் கூட்டத்தை நம்பிக் கடைக்காரரும் விடுதிக்காரரும் முதல் போடுகிறார்கள். சீசன் தொடங்கும் முன் கடைகளும் வாகன நிறுத்தமும் ஏலம் போகும். வெய்ல் நிறுவனம் வாடிக்கையாளர் தலைக்கு மாற்றிய இடர், இங்கே ஏலம் எடுத்த சிறுவியாபாரியின் தலையில் இறங்குகிறது.

நம் தாய்மாமன் ஒருவர் அப்படி ஒரு கடையை எடுத்தார். அத்தையின் நகை அடகுக்குப் போனது. துண்டு, ஜட்டி, சீப்பு, நேந்திரம் சிப்ஸ் என்று சரக்கு நிறைத்து உட்கார்ந்தார். ஆனி முழுக்கச் சாரல் இல்லை. பாறையில் நூல்போலத் தண்ணீர் வடிந்தது. ஆடியில் பெய்தது, மிகையாகப் பெய்தது. பேரருவியின் கீழ் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. வெள்ளம் அவ்வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். வந்த பேருந்துகள் அப்படியே திரும்பின. கணக்கு முடித்து ஊர் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன சொல்லை நாம் மறக்கவில்லை: "மழ பெய்யலைன்னாலும் நட்டம் மாப்ள, ரொம்பப் பெய்ஞ்சாலும் நட்டம். நடுவுல ஒரு சாரல் இருக்கே, அதுதான் நமக்குச் சோறு."

சீசன் ஊரின் பொருளியலை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் எவரையும் பின்னர் நாம் படிக்கவில்லை. பனியூரும் இப்படித்தான்: குறைந்தால் சரிவு காய்கிறது, மிகுந்தால் பனிச்சரிவு ஆளை விழுங்குகிறது. இவ்வூர்கள் விற்பது இரண்டு கேடுகளுக்கும் இடைப்பட்ட குறுகலான ஓர் அளவை. அந்த இடைவெளி சுருங்கும்போதெல்லாம் அவை தம்மை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

குற்றாலம் பலமுறை மாற்றிக்கொண்டது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் ஐயப்பப் பக்தர்கள் செங்கோட்டை வழியில் இங்கே இறங்கி நீராடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையின் நீரும் அப்போது அருவியில் இருக்கும். செயின்ட் மோரிட்ஸ் விடுதிக்காரர் பந்தயம் கட்டிப் பெற்ற இரண்டாம் சீசன் குற்றாலத்துக்கு மாலையணிந்து தானாக வந்தது. அரசு சாரல் விழா நடத்துகிறது. அருவியில் தண்ணீர் குறைந்த நாளிலும் வந்தவரை ஓரிரவு தங்கவைக்கும் ஏற்பாடு அது. பிரானூர் எல்லையில் புரோட்டாவும் கோழியும் தனிப் புகழ் பெற்றன. அருவிக்குப் போகாமல் அதற்காகவே போகிறவர்களை நாமறிவோம்.

கட்டாயத்தால் வந்த மாற்றங்களும் உண்டு. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது குற்றாலத்தின் அடையாளமாக இருந்தது. 2014 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது. தண்ணீருக்கு அது நன்மை. எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர்களுக்கோ அடி. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் மூடிய அருவிகள் அவ்வாண்டு டிசம்பரில்தான் திறந்தன. 2021 இல் மீண்டும் மூடி அவ்வாண்டு டிசம்பரில்தான் திறந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு சாரல்கள் ஆளில்லாமல் விழுந்து ஓடின. தண்ணீர் இருந்தது, ஊர் பட்டினி கிடந்தது. குற்றாலத்துக்கு இது முற்றிலும் புதிய அனுபவம்.

2024 மே 17 அன்று, சீசன் தொடங்காத கோடையில், பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று கொன்றது. அந்த வெள்ளம் காலண்டரின் கணக்கை உடைத்தது. ஆனியில் பார்க்க வேண்டிய தண்ணீரை வைகாசியில் பார்த்தபோது, ஊருக்கு இனி ஏலத் தேதியைவிட எச்சரிக்கை ஒலி முக்கியம் என்றாயிற்று.

இவற்றுக்கெல்லாம் மாறான ஒரு வழியையும் சிலர் கண்டார்கள். பொழுதைத் தாமே செய்துகொள்ளும் வழி அது. மலையடிவாரத்தில் சில தனியார் விடுதிகள் இயற்கை நீர்வழியைத் திருப்பி, தம் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்தன. கூட்டமில்லை, தடையில்லை, காத்திருப்பில்லை. காசு கொடுத்தவர் தலையில் மட்டும் தண்ணீர். 2022 இறுதியில் மதுரைக் கிளை இத்தகைய விடுதிகள்மேல் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

கனெக்டிகட்டின் பனி எந்திரத்துக்கும் இந்த அருவிக்கும் உறவு உண்டு. இரண்டும் சீசனைக் கைவசப்படுத்த முயல்கின்றன. இரண்டும் எங்கிருந்தோ தண்ணீரை எடுத்தாக வேண்டும். பனி எந்திரம் குளத்து நீரைப் பனியாக்கினால் வசந்தத்தில் அது பெரும்பாலும் உருகி அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பும் என்றாவது வாதிடலாம். மலைமேல் திருப்பிய ஓடையோ கீழே பொது அருவியில் நிற்பவன் தலைக்கு வரவேண்டிய நீர். தனியார் விடுதியின் ஆதாயம் பொது அருவியின் நட்டமாகிறது. அப்படிப்பட்ட ஓர் அருவியின் கீழ் ஒருமுறை நாமும் நின்றிருக்கிறோம். நண்பர் அழைத்துப் போனார். குளியல் சுகமாகத்தான் இருந்தது. வெளியே வந்தபோது, அடகு நகையோடு கடை போட்ட மாமாவின் முகம் நினைவுக்கு வந்ததை மறைப்பதற்கில்லை.

நீலகிரியும் கொடைக்கானலும் வேறு பாடம் சொல்கின்றன. 2024 மே 7 முதல் அங்கே போகும் வாகனங்களுக்கு உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ–பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பிட்டார்கள்: ஊட்டிக்கு வேலை நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வணிகர்கள் எதிர்த்துக் கடையடைத்தார்கள். அவர்களது அச்சம் பொய்யன்று. மலை தாங்காது என்பதும் பொய்யன்று. குற்றாலத்து வளைவை மலைப்பாதைக்கு மாற்றிவைத்ததுபோல் அந்த வரம்பு நமக்குத் தோன்றுகிறது. தண்ணீரின் மிகைக்கு ஓர் அளவுகோல் வைத்தோம்; இப்போது ஆளின் மிகைக்கு ஒன்று வைக்கிறோம்.

*

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு இருக்கிறது. இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவி இருக்கிறது. இந்த மலைகள் 1988 இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாகி, 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தன. "நம்ம பக்கமும் ஒரு குத்தாலம் வந்தா என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் இப்போது மம்சாபுரத்தில் உண்டு. வேலை தேடுபவன் கேட்கும் நியாயமான கேள்வி அது. அவனிடம் அணிலைப் பற்றி மட்டும் பேசினால் போதாது.

குற்றாலத்தின் வரலாறு அவனுக்கு ஒரு விடை தருகிறது. நாயக்கர் மானியம் கொடுத்தார், கம்பெனி தோட்டம் போட்டது, இரயில் வந்தது, நீதிமன்றம் தடை போட்டது. இத்தனைக்கும் நடுவில் அருவி யாருக்கும் சொந்தமாகாமல் நின்றதால்தான், ஏலத்தில் தோற்ற மாமாவும் மறு ஆண்டு வேறு சரக்கோடு அங்கே போக முடிந்தது. ஆம், அவர் போனார். கடை எடுக்கவில்லை, தலைச்சுமையில் மாம்பழம் விற்றார். சாரல் இருந்த நாளில் அருவிக்கரையிலும், இல்லாத நாளில் தென்காசிச் சந்தையிலும் விற்றார். நகை இரண்டாண்டில் மீண்டது. பொழுதை விலைக்கு வாங்காமல், தன் சுமையை இலேசாக்கிக்கொண்டு பொழுதின் பின்னால் நடந்த அவரைத்தான் நாம் கண்ட நல்ல நிர்வாகி என்போம்.

இதை எழுதும்போதும் ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. மலைமேல் மேகம் படுத்திருக்கிறது. தெருமுனையில் யாரோ யாரிடமோ கேட்பது காதில் விழுகிறது: சாரல் விழுந்துவிட்டதா?